மறுமொழி: ஒப்பீட்டுப் பெயர்த்தொடரா, உறழ் பெயர்த்தொடரா?

வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தின் 'கம்பரட்டிவ் நவுன் பிரேஸ்' ('கூடிய அரிசி', 'குறைந்த சீனி' போல ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் பெயர்த்தொடர்) என்பதற்கு நமது கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. பின்பாதி பெயர்த்தொடர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. இழுபறியெல்லாம் முன்னால் வரும் சொல்லில்தான். மன்னார் ரீச்சர் 'ஒப்பீட்டு' என்கிறார். வவுனியாத் தம்பி 'மிகை' என்கிறார். முல்லைத்தீவு அண்ணை 'அதைவிட' என்பதில் வரும் 'விட'வை வைத்துப் பகிடியாக 'விடப் பெயர்த்தொடர்' என்று போட்டிருக்கிறார். நான் 'உறழ்' (ஒன்றைவிட இன்னொன்று கூடுதல் அல்லது குறைதல்) பக்கம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது 'இரணைமடு இஸ் பிக்கர் தன் வவுனிக்குளம்' என்ற வகை. அதில் உறழ்வு பயனிலையில் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் கடையிலும் வீட்டிலும் அதைப் பெயரோடேயே ஒட்டிவிடுகிறார்கள்: 'மோர் ரைஸ்', 'எ பெட்டர் பிரைஸ்', 'லெஸ் சுகர்'. எதைவிட என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. கேட்கிறவருக்கு இடம் பார்த்து விளங்கிவிடும். எங்கள் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

போருக்குப் பிறகு கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ தொண்டு நிறுவனங்களுக்கு மொழிபெயர்த்தவர்களுக்கு 'மோர் வல்னரபிள் பமிலீஸ்' நன்றாகப் பழகிய தொடர். திட்டத்தில் இவர்களைச் சேர்ப்போம் என்று அறிக்கை சொல்லும். யாரை? 'மோர்' என்பதைக் குடும்பங்களோடு சேர்த்தால், நலிந்த குடும்பங்கள் இன்னும் பல உள்ளே வரும், பட்டியல் நீளும். 'வல்னரபிள்' என்பதோடு சேர்த்தால், நலிவு கூடிய குடும்பங்கள் மட்டும், அதாவது பட்டியல் சுருங்கவும் கூடும். ஆங்கிலத்தில் எழுதியவர் எதை நினைத்தார் என்று தொடரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழில் 'கூடுதலாக நலிந்த குடும்பங்கள்' என்று எழுதினால் அதே குழப்பத்தை அப்படியே கொண்டுவந்து கிராம அலுவலரின் மேசையில் வைக்கிறோம். 'நலிவு கூடிய குடும்பங்கள்' என்றோ 'நலிந்த குடும்பங்கள் இன்னும் கூடுதலாக' என்றோ ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். பெண் தலைமைத்துவக் குடும்பம் ஒன்றுக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் இதில் தங்கியிருக்கலாம். எனவே இதை வெறும் இலக்கணப் பொழுதுபோக்கு என்று யாரும் தள்ளவேண்டாம்.

கலைச்சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உதவவேண்டும். உறழ் என்பது அடியாக இருந்தால் முன்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயரின் எண்ணிக்கையோ அளவோ கூடினால் அளவுறழ் தொடர். அடைமொழியின் பண்பு கூடினால் பண்புறழ் தொடர். 'அளவு ஒப்பீட்டுப் பெயர்த்தொடர்' என்று சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

அடுத்தது பொருள். ஒப்பு என்றால் சமம் என்ற நிழல் விழுகிறது. ஆங்கிலத்தில் 'ஆஸ் பிக் ஆஸ்' என்று சமம் காட்டும் அமைப்பு தனியாக உண்டு. 'ஒப்பீட்டு' என்பதை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன வைப்பீர்கள், ரீச்சர்? நமது இலக்கணக்காரர் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். ஐந்தாம் வேற்றுமைக்கு 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்ற எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரியும். காக்கை போலக் கரிது என்றும் எடுக்கலாம், காக்கையைவிடக் கரிது என்றும் எடுக்கலாம். தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் முதலாவதை உவமப்பொரு என்றும் மற்றதை உறழ்பொரு என்றும் பிரித்தார்கள். நமக்கு வேண்டிய பிரிப்பு அச்சொட்டாக இதுதான்.

அந்த ஐந்தாம் வேற்றுமை வன்னியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'போன போகத்திலும் பார்க்க இந்தமுறை விளைச்சல் கூட' என்று வயலில் நின்று சொல்கிறவருக்கு நன்னூல் தெரியவேண்டியதில்லை, இல் உருபு அவர் வாயில் தானாக வருகிறது. இதனால்தான் 'விடப் பெயர்த்தொடர்' எனக்குச் சரிப்படவில்லை. நமது ஊரில் பாதிப் பேர் 'விட' இல்லாமலேயே உறழ்கிறார்கள். 'ஓல்டர் பீப்பிள்' போன்றவையும் இருக்கின்றன. அங்கே யாரைவிட மூத்தவர் என்ற கேள்வியே எழாது. ('ஓல்ட் பீப்பிள்' என்றால் முகத்தில் அடித்ததுபோல் இருக்கும் என்று ஒரு படி கூட்டி மென்மையாக்கியிருக்கிறார்கள். இலக்கணப்படி வயது ஏறவேண்டும், காதுக்கோ இறங்குகிறது.) இதை எல்லையில்லா உறழ்வு என்று குறித்தால் போதும். 'முதியவர்கள்' என்றே மொழிபெயர்க்கலாம்.

'மிகை' ஏன் ஆகாது? 'லெஸ்', 'பியூவர்' இரண்டும் குறைவைக் காட்டுவன. குறைவைக் காட்டும் தொடரை மிகைத்தொடர் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'மோர்' அரிசிக்கும் வரும் ஆட்களுக்கும் வரும், யாரும் சண்டை பிடிப்பதில்லை. குறைவு என்றதும் எண்ணக்கூடியதற்குப் 'பியூவர்', எண்ணமுடியாததற்கு 'லெஸ்' என்று விதி பேசுகிறார்கள். 1770இல் றொபேட் பேக்கர் என்பவர் தனக்கு இது நன்றாகப் படுகிறது என்று எழுதிவைத்தது பிறகு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. பேச்சில் இன்றும் 'லெஸ் பீப்பிள்' தாராளமாக வருகிறது. 2008இல் டெஸ்கோ கடைகள் '10 ஐட்டம்ஸ் ஓர் லெஸ்' என்ற பலகையை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றிச் சண்டையில் இருந்தே தப்பிக்கொண்டன. நமக்குக் 'குறைந்த' ஒன்றே இரண்டுக்கும் போதும்.

'பெயர்' வேண்டாம், 'உறழ்தொடர்' என்றே சுருக்குவோம் என்று ஒருவர் கேட்டிருந்தார். மொழியியலாளர் ஜோன் பிறெஸ்னன் 1973இல் காட்டிய எடுத்துக்காட்டு இதற்கு மறுமொழி. அம்மாவைவிட உயரமான ஆணைக் கண்டதில்லை என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக அடுக்கலாம். உயரத்தைப் பெயருக்கு முன்னால் வைத்தால் அம்மாவும் ஓர் ஆண் என்பதுபோல் கேட்கும். பெயருக்குப் பின்னால் தள்ளினால் சிக்கல் இல்லை. ஆக, உறழ்வு பெயரின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அந்த மொழியில் பொருளையே மாற்றுகிறது. தமிழில் எல்லாம் பெயருக்கு முன்னாலேயே வருவதால் இந்த வித்தியாசம் நம் மாணவருக்கு உறைக்காது. அதற்காகவே 'பெயர்' சொல்லில் இருக்கவேண்டும்.

உறழ் யாருக்கும் தெரியாத சொல் என்பது நியாயமான குறைதான். புணர்ச்சியில் வரும் உறழ்ச்சியோடு (சொற்கள் சேரும்போது எழுத்து மாறியும் மாறாமலும் வருவது) முட்டும் என்பதும் சரி. ஆனால் அது எழுத்ததிகாரம், இது தொடர். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்க வாய்ப்புக் குறைவு. தெரியாத சொல் என்பதற்கு, முதல் ஐந்து பாடங்களில் 'உறழ் (கூடுதல், குறைதல்)' என்று போட்டுப் பழக்கலாம்.

பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று நினைக்கிறேன்: உறழ் பெயர்த்தொடர், உட்பிரிவு அளவுறழ், பண்புறழ். 'மோர் ஒப் எ ரீச்சர் தன் எ பொலிற்றிசியன்' என்ற வகைதான் இரண்டிலும் அடங்காமல் நிற்கிறது. 'அரசியல்வாதி என்பதைவிட ஆசிரியர் என்றே சொல்லலாம்' என்று பெயர்க்கிறோம். அங்கே உறழ்வது ஆளையா, ஆளுக்கு வைக்கும் பெயரையா? 'பெயருறழ்' என்று ஒரு மூன்றாவது உட்பிரிவு போடலாமா என்று அண்ணையும் ரீச்சரும் சொல்லுங்கள், அதன் பிறகு பதிவோம்.