டாக்டர் ஹூ சீசன் 1, நாலாவதுல மாட்டிக்கிட்டேன், ஏதோ கட் ஆன மாதிரி இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க

முழிபிதுங்கி:
டாக்டர் ஹூ, அந்த பிரிட்டிஷ் டைம் டிராவல் சீரியல், ஆரம்பிச்சேன், சீசன் 1. ஆளாளுக்கு ஆஹா ஓஹோன்னாங்களேன்னு உக்காந்தேன். இப்ப நாலாவதுல இருக்கேன், நடுவுல ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கு, முன்ன பாத்ததுக்கும் இதுக்கும் ஒட்டவே மாட்டேங்குது. எனக்கு வர்றதுல கோளாறா இல்ல சீரியலே இப்படித்தானா? தொடரலாமா விட்டுடலாமா? சீக்கிரம் சொல்லுங்க. ஸ்பாய்லர் மட்டும் வேண்டாம்.

வால்நட்சத்திரம்:
எந்த சீசன் 1?

இரட்டைஇதயம்:
அதையேதான் கேக்க வந்தேன். இந்த சீரியல்ல சீசன் 1 மூணு இருக்கு பாஸ். 1963ல ஒண்ணு, 2005ல திரும்ப ஆரம்பிச்சப்ப ஒண்ணு, 2024ல டிஸ்னி ப்ளஸ்ல வந்தப்ப மறுபடி நம்பரை ஒண்ணுல இருந்து போட்டுட்டாங்க. கருப்பு வெள்ளையா கலரா, அதையாவது சொல்லுங்க.

மூத்தரசிகன்63:
இதே கேள்வி இங்க வாராவாரம் வருது. மேல தேடுற வசதின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, யாரும் அது பக்கமே போறதில்ல. போகட்டும். சீசன் 1ன்னு வெறுமனே சொன்னா அது 1963தான், மத்ததெல்லாம் பின்னாடி வந்தவங்க வசதிக்கு போட்டுக்கிட்ட நம்பர். முதல் கதை குகை மனுஷங்க, ரெண்டாவது டாலெக், அதான் டாக்டரோட பரம எதிரி எந்திர ஜந்துங்க, மூணாவது டார்டிஸ்ங்குற அவரோட டைம் மெஷின் உள்ளயே நடக்குற ரெண்டு எபிசோடு, நாலாவது மார்கோ போலோ. அந்த நாலாவது கதையோட ஏழு எபிசோடுமே இன்னிக்கு கையில இல்ல. டேப்பை திரும்ப யூஸ் பண்றதுக்காக பிபிசி அழிச்சிட்டாங்க. 60கள்ல எடுத்ததுல 90க்கு மேல எபிசோடு இப்படி போச்சு. ஆக தம்பி, உங்களுக்கு விட்டுப்போன மாதிரி இல்ல, நிஜமாவே விட்டுப்போச்சு. ஆடியோ மட்டும் இருக்கு, அந்தக் காலத்துல டிவி பக்கத்துல டேப் ரெக்கார்டரை வெச்சு பிடிச்ச ரசிகர்கள் புண்ணியத்துல. அதை வாங்கிக் கேளுங்க.

தூக்கம்போச்சு:
அட 1963ல இருந்து யாருங்க ஆரம்பிக்கிறாங்க இப்ப. இது கண்டிப்பா 2005 சீசன், எனக்கும் இதே இடத்துலதான் மாட்டுச்சு. நாலாவது ஏலியன்ஸ் ஆஃப் லண்டன். விண்கலம் ஒண்ணு பிக் பென் கோபுரத்தை இடிச்சுட்டு ஆத்துல விழும், அப்புறம் பெரிய பெரிய அதிகாரிங்க எல்லாம் நெத்தியில ஜிப்பை இழுத்து தோலைக் கழட்டுவாங்க, நடுநடுவுல குசு விட்டு சிரிப்பாங்க. அது ரெண்டு பாகக் கதை, நாலாவது அந்தரத்துல நிக்கும், மிச்சம் அஞ்சாவதுல. அதனாலதான் ஒட்டல. பல்லைக் கடிச்சுட்டு ஆறாவது வரைக்கும் வந்துடுங்க ப்ரோ, டாலெக்னு ஒரு எபிசோடு, ஒரே ஒரு டாலெக்கை சங்கிலி போட்டு வெச்சிருப்பாங்க, அங்க பிடிக்கும் சூடு. ஒன்பதும் பத்தும் கேஸ் மாஸ்க் போட்ட சின்னப் பையன் அம்மாவைத் தேடுற கதை, அதுக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்குக் குடுக்குற ஹூகோ விருதே கிடைச்சது.

கணக்குப்புலி:
மூணு பேரும் கதையப் பாக்குறீங்க, வரிசையப் பாருங்க முதல்ல. இந்த ஆப் எல்லாத்துலயும் கிறிஸ்துமஸ் ஸ்பெஷலை தனியா எங்கயோ ஓரமா போட்டு வெச்சிருப்பாங்க, இல்லன்னா அதையும் சேத்து எண்ணிடுவாங்க. டாக்டர் உருவம் மாறி வேற நடிகர் புது டாக்டரா அறிமுகம் ஆகுறதே சில சமயம் அந்த ஸ்பெஷல்லதான், அதை விட்டுட்டு சீசனுக்குள்ள போனா யாரு எவருன்னே புரியாது. நான் அடிச்சு சொல்றேன் இவருக்கு வரிசைதான் பிரச்சினை. எதுல பாக்குறீங்க, எபிசோடு பேர் என்ன போட்டிருக்கு?

வால்நட்சத்திரம்:
ஆளையே காணோம். கேள்வியப் போட்டுட்டு தூங்கிட்டார் போல.

முழிபிதுங்கி:
கலர்தான். பேர் கவனிக்கல. முதல் எபிசோடுல கைக்குழந்தைங்க பெரிய மனுஷங்க மாதிரி பேசும். இதுல ஆரம்பத்துல ரெண்டு பேரும் ஒரு மலை உச்சியில எறங்குறாங்க, அப்புறம் ஹீரோவையே காணோம், பாதி படம் ஓடிருச்சு இன்னும் வரல. டைட்டில் மியூசிக்கும் வரல, அதான் கட் ஆயிருச்சோன்னு

இரட்டைஇதயம்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா ஏழு எபிசோடு டேப் கதைய கேக்காம தப்பிச்சிருக்கலாம் 😀

இது 2024 சீசன், எபிசோடு பேரு 73 யார்ட்ஸ். எதுவும் கட் ஆகல, உங்களுக்கு வந்தது முழுசுதான். அந்த ஒரு எபிசோடுக்கு டைட்டிலே கிடையாது, வேணும்னுதான் எடுத்துட்டாங்க. டாக்டர் காணாம போறதுதான் கதை. நிஜக் காரணம் என்னன்னா ஹீரோ என்ஷூட்டி கட்வாவுக்கு அப்ப செக்ஸ் எஜுகேஷன் சீரியல் ஷூட்டிங் முடியாம இருந்தது, அவர் இல்லாமலே ஓட்டுற மாதிரி ஒரு கதை வேணும்னு எழுதினது. டாக்டர்கூட பயணம் போற ரூபியா வர்ற மில்லி கிப்சன்தான் மொத்த எபிசோடையும் தனியா தூக்கிட்டுப் போறாங்க.

இது இங்க பழைய வித்தைதான். 2006ல இருந்து, பதிமூணு எபிசோடோட ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷலும் சேந்ததால நேரம் பத்தாம, ஒரே சமயத்துல ரெண்டு எபிசோடு எடுக்க ஆரம்பிச்சாங்க, ஒண்ணுல டாக்டர் தலைய மட்டும் காட்டுவார். அப்படி வந்ததுதான் 2007ல பிளிங்க், கண்ணை சிமிட்டினா நகர்ற கல் சிலைங்க. இந்த சீரியல்ல ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எதுன்னு கேட்டா பாதிப் பேர் அதைத்தான் சொல்லுவாங்க, அதுல டாக்டர் வர்ற நேரம் ரொம்பக் கம்மி.

கணக்குப்புலி:
சரி வரிசை ஓகேதான். ஆனாலும் சர்ச் ஆன் ரூபி ரோடு பாத்தாரான்னு கேளுங்க, 2023 கிறிஸ்துமஸ்ல வந்தது, ரூபி யாருன்னு அதுலதான் வரும். அதைப் பாக்கலன்னா நான் சொன்னது பாதி சரி.

மூத்தரசிகன்63:
கால்ஷீட் கிடைக்கலன்னு ஹீரோ இல்லாம ஒரு எபிசோடு, அதுவும் மொத்தமே எட்டு எபிசோடு இருக்குற சீசன்ல. அடுத்ததுலயும் அவர் முக்கால்வாசி ஒரு சின்னத் திரைக்குள்ளதான். இதையெல்லாம் சாமர்த்தியம்னு கொண்டாடுறீங்க. நாலாவது டாக்டரா டாம் பேக்கர் ஏழு சீசன் நடிச்சார், அப்ப வருஷத்துக்கு இருபத்தஞ்சு எபிசோடு பக்கம் எடுத்தாங்க. ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ், 1975, ஆறு பாகம். அட்டை செட்தான், ஆனா டாலெக்கை மொத்தமா அழிச்சிடலாம்னு கையில ரெண்டு வயரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, எனக்கு இந்த உரிமை இருக்கான்னு கேப்பார் பாருங்க, அந்த ஒரு சீனுக்கு இப்ப போடுற கிராஃபிக்ஸ் எதுவும் ஈடாகாது.

தூக்கம்போச்சு:
அதே ஜெனிசிஸ்ல ராட்சச சிப்பி ஒண்ணு வந்து காலைக் கவ்வுமே அதையும் சொல்லுங்க ஐயா 😂 பழசுல நல்லது இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா ஆறு பாகக் கதைன்னா அதுல ரெண்டு பாகம் தாழ்வாரத்துல ஓடுறதும் பிடிபடுறதும் தப்பிக்கிறதும்தான்.

மூத்தரசிகன்63:
பொறுமை இல்லாதவங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

வால்நட்சத்திரம்:
எனக்கு குசு ஏலியனும் பிரச்சினை இல்ல அட்டை செட்டும் பிரச்சினை இல்ல. கிளைமாக்ஸ்தான். சீசன் முழுக்க அழகா முடிச்சு போட்டுட்டு வருவாங்க, கடைசி எபிசோடுல உலகமே அழியும், அப்புறம் ஒரு பட்டன், ஒரு ஒளி, எல்லாம் பழையபடி. 2007 கடைசி எபிசோடுல உலகத்துல இருக்குற எல்லாரும் ஒரே நேரத்துல டாக்டர் பேரை நினைச்சதும் மனுஷன் அந்தரத்துல மிதந்து வருவார், ஒரு வருஷம் அப்படியே ரிவர்ஸ் ஆயிரும். செத்தவன் பொழச்சு வந்துடுவான்னு தெரிஞ்சப்புறம் எதுக்குங்க பயப்படணும்? 2024லயும் அதே கதைதான், எல்லாரும் தூசியாப் போனப்புறம் அந்த நாய்த்தலை சாமியைக் கயிறு கட்டி

இரட்டைஇதயம்:
நிறுத்துங்க, ஸ்பாய்லர் வேண்டாம்னு சொன்னவர் பாத்துட்டிருக்குறதே அந்த சீசன்தான்!!

வால்நட்சத்திரம்:
எல்லா சீசனும் இப்படித்தான முடியுது, இதுல தனியா என்ன ஸ்பாய்லர்.

சும்மாவந்தேன்:
கிளைமாக்ஸை விடுங்க, இதுல ரூல்னு ஒண்ணு இருக்கா? டாக்டர் பன்னெண்டு தடவைதான் உருவம் மாறலாம்னு 1976ல சொன்னாங்க. கோட்டா தீந்துபோச்சா, 2013ல வானத்துல இருந்து புதுக் கோட்டா வந்துச்சு. 2020ல, அவர் சொந்த கிரகம்னு சொல்லிட்டிருந்த கிரகத்து ஆளே இல்ல, எங்கிருந்தோ கிடைச்ச குழந்தை, கணக்கே கிடையாதுன்னுட்டாங்க. 2023ல பழையவர் சாகாமலே ரெண்டா பிரிஞ்சு புதுசா ஒருத்தர் வந்துட்டார், பழையவர் ஜாலியா தோட்டத்துல சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கார். இதுக்கு மேல என்ன மரியாதை.

மூத்தரசிகன்63:
2020க்கு அப்புறம் வந்ததை நான் கணக்குலயே சேக்குறதில்ல. முதல் டாக்டருக்கு முன்னாடி யாரும் கிடையாது, அவ்வளவுதான்.

இரட்டைஇதயம்:
உங்க 60ஸ்ல மட்டும் ரூல் இருந்துச்சா சார்? டாக்டரோட இனம், டைம் லார்டுன்னு ஒண்ணு இருக்குறதே 1969ல, ரெண்டாவது டாக்டரோட கடைசிக் கதையிலதான் சொன்னாங்க. ரெண்டு இதயம்னு 1970லதான் வந்துச்சு. அவங்க கிரகத்துக்கு கேலிஃப்ரேங்குற பேர் 1973ல. பத்து வருஷம் ஊர் பேரே இல்லாம ஓடின சீரியல் இது. உருவம் மாறுறது கூட 1966ல முதல் டாக்டரா நடிச்ச வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாம போனதால பண்ணின ஏற்பாடுதான், அன்னிக்கு ரசிகர் யாராவது ரூல் மீறிட்டாங்கன்னு கத்தி அதை நிறுத்தியிருந்தா சீரியலே மூணு வருஷத்துல முடிஞ்சிருக்கும், டாம் பேக்கரும் வந்திருக்க மாட்டார் நீங்களும் இங்க வந்திருக்க மாட்டீங்க.

இதுல எது பலமோ அதுவேதான் பலவீனமும். வாராவாரம் இடம் காலம் ஆளு எல்லாம் மாத்திக்கலாம், இந்த வாரம் பேய்க்கதை அடுத்த வாரம் காமெடி. அப்ப அடுத்த வாரம் மட்டமா இருக்கவும் சரிக்கு சரி வாய்ப்பு இருக்கு. எழுதுறவர் மாறுறதால மட்டும் இல்ல இது. பேசுற குழந்தைங்களும் ரஸ்ஸல் டி டேவிஸ்தான், 73 யார்ட்ஸும் அவர்தான். குசு ஏலியனும் அவர்தான், மிட்நைட்டும் அவர்தான். மிட்நைட் பாக்காதவங்க பாருங்க, 2008. ஒரு வண்டிக்குள்ள பத்துப் பேர் கூட இருக்க மாட்டாங்க, ஒரு பொம்பளை மத்தவங்க பேசுறதை திருப்பிச் சொல்ல ஆரம்பிப்பா, கொஞ்ச நேரத்துல கூடவே சேந்து சொல்லுவா, அப்புறம் அவங்க வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லுவா. அந்த ஜந்து எது என்னன்னு கடைசி வரைக்கும் காட்டவே இல்ல, அங்க மட்டும் எனக்கு இப்பவும் சத்தத்தைக் குறைக்கத் தோணும். செலவே இல்லாத எபிசோடு. இவங்க கையில காசு கம்மியா இருந்தப்பதான் நல்லா எழுதினாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

சும்மாவந்தேன்:
ரூல் இல்லாம ஆரம்பிச்சது வேற, ஒரு ரூலை நீங்களே போட்டு நாப்பது வருஷம் அதை வெச்சு அழ வெச்சுட்டு அப்புறம் தூக்கிப் போடுறது வேற. நான் சொல்றது ரெண்டாவதை.

கணக்குப்புலி:
1976க்கும் 2013க்கும் நடுவுல முப்பத்தேழு.

சும்மாவந்தேன்:
சரிங்க முப்பத்தேழு 🙏

தூக்கம்போச்சு:
கேள்வி கேட்டவருக்கு உருப்படியா ஒண்ணு சொல்லிடுறேன், இவங்க சண்டை விடியுற வரைக்கும் போகும். சீசனை வரிசையா முடிச்சே ஆகணும்னு இல்ல ப்ரோ. பேசுற குழந்தைங்க எபிசோடைப் பாத்துட்டு பாதிப் பேர் ஓடிட்டாங்க, நீங்க நாலு வரைக்கும் வந்ததே பெருசு. இப்ப பாக்குற சீசன் பிடிக்கலன்னா விட்டுட்டு பிளிங்க், மிட்நைட், அப்புறம் 2015ல பீட்டர் கபால்டி நடிச்ச ஹெவன் சென்ட், இது மூணையும் பாருங்க. ஹெவன் சென்ட்ல மனுஷன் கிட்டத்தட்ட தன்னந்தனியா, ஒரு கோட்டை, பின்னாலயே மெதுவா நடந்து வர்ற ஒரு உருவம், அவ்வளவுதான். மூணும் பிடிக்கலன்னா இந்த சீரியல் உங்களுக்கு இல்ல, மனசாட்சியோட விட்டுடலாம்.

மூத்தரசிகன்63:
ஹெவன் சென்ட்டை முன்கதை தெரியாம பாத்தா பாதிதான் புரியும். எதுக்காக அவர் அவ்வளவு துக்கத்துல இருக்கார்னு முந்தின எபிசோடுலதான் இருக்கு. குறுக்கு வழி சொல்லிக் குடுக்குறதே இங்க வேலையாப் போச்சு.

தூக்கம்போச்சு:
பாதி புரிஞ்சே நான் அழுதேன் சார், முழுசும் புரிஞ்சா தாங்காது.

முழிபிதுங்கி:
முடிச்சுட்டேன். கடைசில வந்தார். நல்லாத்தான் இருந்துச்சு, அந்த தூரத்துல நிக்கிற கிழவி பக்கத்துல போனவங்க எல்லாம் எதைக் கேட்டு அப்படி தெறிச்சு ஓடுறாங்க? வளர்த்த அம்மாவே பொண்ணை வெளிய வெச்சு கதவை சாத்திடுச்சே. நான் தூங்கிட்டேனா இல்ல சொல்லவே இல்லையா?

வால்நட்சத்திரம்:
சொல்லவே இல்ல. கேட்டா ரூல் இல்லாததுதான் அழகுன்னு சொல்லுவாங்க.

இரட்டைஇதயம்:
சொல்லல, சொல்லியிருந்தா இவ்வளவு பயம் இருந்திருக்காது. கிழவி நிக்கிற அந்த 73 யார்ட்னா 67 மீட்டருக்கு கொஞ்சம் கம்மி, ஆள் நிக்கிறது தெரியும் முகம் தெரியாது. அடுத்தது டாட் அண்ட் பபிள். அதுலயும் டாக்டர் ரொம்ப நேரம் நேர்ல வர மாட்டார், இப்பவே சொல்லி வெச்சிடுறேன், மறுபடி ஆப்பைத் திட்டிக்கிட்டு வராதீங்க. கடைசி அஞ்சு நிமிஷத்தை மட்டும் எதுக்காகவும் நிறுத்தாம பாருங்க.

மூத்தரசிகன்63:
மார்கோ போலோ ஆடியோவை யாரும் கேக்கப் போறதில்ல, அப்படித்தானே.