பாண்டிங் பயணத்துக்கு எந்த டயர்?

குழு: சுங்கை சிப்புட் குடும்பம்
வியாழன்

அண்ணன், 7:42
மாமா, ஒரு யோசனை வேண்டும். பள்ளி விடுமுறையில் கேம்பிங் போகிறோம். கோலகங்சார், கிரிக், தெமெங்கோர் ஏரியில் இருக்கிற பாண்டிங் தீவில் இரண்டு இரவு. அப்புறம் ஜெலி, குவா மூசாங், லோஜிங் வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி வீடு. சுமார் 600 கிலோமீட்டர். இவி (மின்சார) பிக்கப்புக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டும். 28,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டது. பழைய டீசல் வண்டியில் 50,000 ஓடினேன்.

அண்ணன், 7:44
ஈப்போவில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். முதல் படம் 265/70 ஆர்17, பெரிய பல் வைத்த சேற்று டயர். இரண்டாவது நம் சைஸ், 265/65 ஆர்17, பாதி விலை.
[படம்]
[படம்]

சித்தப்பா, 7:51
சேற்று டயரே போடு. கூடாரம் போடும் இடத்துக்கு மண் பாதைதானே.

பெரிய மாமா, 8:05
மண் பாதை எத்தனை கிலோமீட்டர், தம்பி?

அண்ணன், 8:06
மூன்று இருக்கும் மாமா.

பெரிய மாமா, 8:15
மீதி எல்லாம் தார். அந்த மூன்றுக்காக 600 கிலோமீட்டரும் சேற்றுப் பல்லை உருட்டினால் பேட்டரிதான் கரையும். டயர் கனம், உருளவும் இழுக்கும். ஒரு சார்ஜில் 360 ஓடுகிற வண்டி பத்தில் ஒரு பங்கை இழந்தாலும் 36 கிலோமீட்டர் போச்சு. கிரிக்கிலிருந்து ஜெலி வரை 100 கிலோமீட்டருக்கு மேல் காடும் மேடும். அங்கே அந்த 36 பெரிய விஷயம். ஈரத் தாரில் பிரேக் அடித்தாலும் அந்தப் பல் நன்றாகப் பிடிக்காது.

பெரிய மாமா, 8:19
சைஸில் 65-க்குப் பதில் 70 போட்டால் டயர் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் கூடும். மீட்டரில் 100 காட்டும்போது நீ 103 தாண்டி ஓடுவாய்.

அண்ணன், 8:21
அப்போ இரண்டாவதா மாமா?

பெரிய மாமா, 8:30
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேண்டவே வேண்டாம். பக்கச் சுவரில் டிஓடி எழுத்துக்குக் கடைசியில் 2219 இருக்கிறது. 2019-ல் 22-வது வாரம் செய்தது. விலை ஏன் பாதி என்று இப்போது தெரிகிறதா? சைஸுக்குப் பக்கத்தில் 104 இருக்கிறதே, அது லோட் இன்டெக்ஸ். ஒரு டயர் 900 கிலோதான் தாங்கும். உன் பழைய டயரில் என்ன எண்?

அண்ணன், 8:34
112.

பெரிய மாமா, 8:42
1,120 கிலோ. அதற்குக் கீழே இறங்காதே. பேட்டரியோடு வண்டியே 2,300 கிலோ என்றாய். நீங்கள் ஐந்து பேர், கூடாரம், கூலர், தண்ணீர், கேஸ் அடுப்பு. எல்லாம் பின்னால்தான் உட்காரும், நான்கு டயரும் சமமாகச் சுமக்காது. 28,000-ல் தேய்ந்ததும் இதனால்தான். கனம் ஒரு பக்கம், மிதித்தவுடன் மோட்டார் கொடுக்கிற இழுவை ஒரு பக்கம். இனிமேல் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போடு.

பெரிய மாமா, 8:48
நான் 22 வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். ஒரு தடவை லோஜிங் இறக்கத்தில் பின் டயர் வெடித்தது. முதல் நாள் புதிதாகப் போட்டுக் கொடுத்த கடையில் கனம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குலை எல்லாம் ரோட்டில். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் டயரில் இருக்கிற எண்ணைப் பார் என்று சொல்கிறேன்.

அண்ணி, 8:55
மாமா, ஸ்பேர் டயரே இல்லை. ஒரு பாட்டில் மருந்தும் சின்னப் பம்பும்தான் கொடுத்தார்கள்.

பெரிய மாமா, 9:02
மருந்து ஆணி ஓட்டையைத்தான் அடைக்கும். கல் பக்கச் சுவரைக் கிழித்தால் ஒன்றும் செய்யாது. ரிம்மோடு ஐந்தாவது டயர் வாங்கிப் பின்னால் கட்டிவிடு. நடுவழியில் சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. இருட்டில் ஓட்டாதே, யானை குறுக்கே வரும்.

நான், 9:10
பாட்டி பக்கத்தில் இருக்கிறார், அவர் சொல்வதை டைப் செய்கிறேன்: “மங்கில், அதுதான் ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணத்தில், காய்ந்த ஒட்டுப்பாலைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்ட மர நிரைக்குப் போன காலத்தில் குளிருக்கு அப்படித்தான் விளையாடுவோம். பால் மரத்துக்கு இழுத்தால் சூடு வரும்.”

பெரிய மாமா, 9:16
அம்மா சொன்ன மாதிரி டயரிலும் சூடுதான் விஷயமே! காத்து குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும். அதில்தான் சூடு ஏறி வெடிக்கிறது. கனரக டயரில் இயற்கை ரப்பரை அதிகம் சேர்ப்பதும் அது குறைவாகச் சூடேறும் என்பதால்தான்.

அண்ணன், 9:20
கதவோரத்து ஸ்டிக்கரில் காத்து அளவு முன்னால் 240, முழுச் சுமைக்குப் பின்னால் 290 கேபிஏ.

பெரிய மாமா, 9:27
அதையே வை. சூடான டயரில் எண் ஏறிக் காட்டும், பயந்து காத்தைத் திறந்துவிடாதே. மண் பாதையில் 25 பிஎஸ்ஐ (சுமார் 170 கேபிஏ) வரை இறக்கி மெதுவாகப் போ, தார் ஏறும் முன் பம்ப் போட்டு ஏற்று. டயர் 265/65 ஆர்17, 112 அல்லது மேலே, இந்த வருஷத்து உற்பத்தி, பல் அதிகம் இல்லாத ஆல் டெரெய்ன், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்.

சித்தப்பா, 9:31
சரி மச்சான், ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு வேறு கடைக்கு நானும் அவனோடு போகிறேன்.

நான், 9:33
அண்ணா, கோலகங்சாரில் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் 1877-ல் நட்ட ஒன்பது ரப்பர் மரத்தில் ஒன்று இன்னும் நிற்கிறது. பாட்டிக்குப் படம் வேண்டுமாம், வெட்டு விழுந்த பட்டை தெரிகிற மாதிரி.

அண்ணன், 9:35
கட்டாயம் எடுத்து அனுப்புகிறேன்.

பெரிய மாமா, 9:38
சனிக்கிழமை சாமான் எல்லாம் ஏற்றி ராத்திரியே வண்டியை என் வீட்டு வாசலில் விட்டுவிடு. காலை ஆறு மணிக்கு, வெயில் வருமுன் காத்து அளப்போம்.