எதில் படித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்

செந்தூலிலிருந்து:

ஆறு வருடமாக நூல் விமர்சனம் எழுதி வருகிறேன். நாவல், கவிதை, பயண நூல், சமையல், வரலாறு என்று எதையும் ஒதுக்குவதில்லை. ஒரு கவிஞருக்கு நான் செய்த அநியாயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய தொகுப்பை 6 அங்குல மின்நூல் கருவியில் படித்தேன். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் தினமும் நாலைந்து கவிதைகள் முடியும். என் கண்ணுக்கு எழுத்தை இரண்டு படி பெரிதாக்கினால்தான் சரிப்படும். படித்து முடித்து, "கவிஞருக்கு வரியை எங்கே முறிப்பது என்று பிடிபடவில்லை, சொற்கள் காரணமில்லாமல் தனியே தொங்குகின்றன" என்று எழுதினேன். பலரும் அதைப் படித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் அதே நூலை அச்சில் பார்த்தேன். நின்றபடியே புரட்டினேன். தொங்கியதாக நான் சொன்ன சொற்களெல்லாம் வரியின் கடைசியில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வரி நீளம், திரை குறுகல், எழுத்து பெரிது. இடம் போதாமல் கருவி மடித்துப் போட்டதைத்தான் கவிஞர் முறித்தது என்று நான் நினைத்திருக்கிறேன். அன்றிரவே விமர்சனத்தைத் திருத்தி, அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்லை அக்கா, ஆனால் இன்னும் எத்தனை பேர் இப்படிப் படித்தார்களோ தெரியவில்லையே" என்று பதில் வந்தது. அந்த வரி என்னை விடவே இல்லை.

புதுக்கவிதைக்கு மட்டும் வரும் வம்பு இல்லை இது. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த ஏழு சீரும் நாலு வரியாகச் சிதறிவிடும். குறளாவது நமக்கு மனப்பாடம், கண் தானாகவே சேர்த்துக்கொள்ளும். நேற்று எழுதிய கவிதைக்கு அந்த வசதி கிடையாது.

இப்போதெல்லாம் கவிதை என்றால் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, எழுத்தைச் சிறிதாக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன். விமர்சனத்தின் முதல் வரியிலேயே அச்சா, மின்மை (இ-இங்க்) திரையுள்ள மின்நூல் கருவியா, கைப்பேசியா என்று குறிப்பிட்டுவிடுகிறேன். துப்பறியும் நாவலுக்கு இது பெரிதாகத் தேவைப்படாது, கதை எந்தத் திரையிலும் ஓடும். சமையல் நூலைக் கறுப்பு வெள்ளை மின்மைக் கருவியில் படித்தவர் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. குழம்பும் சாம்பல், பாயசமும் சாம்பல்.

பட்டர்வொர்த்திலிருந்து:

அக்கா சொல்வது வரலாற்று நூலுக்கும் பொருந்தும். தினமும் ஃபெரியில் ஜார்ஜ் டவுன் போய் வருபவன் நான். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த சயாம் ரயில் பாதை பற்றிய நூல் ஒன்றைக் கைப்பேசியில் படித்தேன். 1942, 43இல் ஜப்பானியர்கள் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். என் தாத்தாவின் அண்ணனும் போனவர், திரும்பவில்லை. அவர் இருந்ததாக வீட்டில் சொல்லும் முகாமின் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியும்.

நூலில் வரைபடம் இருந்தது. கட்டைவிரல் அகலம்தான். விரித்துப் பெரிதாக்கினால் எழுத்து கலங்கிப் போகிறது, ஓர் ஊர்ப் பெயரும் தேறவில்லை. ஃபெரி கரை சேரும்வரை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நண்பரிடம் அச்சு நூலை இரவல் வாங்கி, வரைபடத்தை மேசையில் விரித்து, அம்மாவோடு உட்கார்ந்து தேடினேன். இருந்தது. அம்மா அந்தப் பெயர்மேல் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

அதற்காக மின்நூலைக் குறை சொல்ல மாட்டேன். நான் பழந்தமிழ் நூல்களுக்குள் நுழைந்ததே மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தால்தான். 1998 பொங்கலில் தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தவை. பழைய கோப்புகள் சில திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும், எழுத்துரு இல்லாமல் திறந்தால் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், ஒருங்குறி (யூனிகோட்) பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆப்பிள் கருவிகளில் வரும் இணைமதி எழுத்துருவை வடிவமைத்தவர் நம் மலேசியர் முத்து நெடுமாறன். கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய முரசு அஞ்சலும், கைப்பேசியில் தட்டச்சு செய்யச் செல்லினமும் அவர் தந்தவைதான். திரையில் தமிழ் அழகாகத் தெரியும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

என் அப்பாவுக்கு 78 வயது, தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வை மங்கியதும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகும், கழுத்து வலிக்கும். ஒருநாள் புத்தகங்களையெல்லாம் பெட்டியில் கட்டச் சொல்லிவிட்டார். மூன்று வருடம் அவர் எதையும் படிக்கவில்லை.

போன தீபாவளிக்கு மின்மைக் கருவி வாங்கிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார். ஒரு திரைக்கு ஏழெட்டு வரி மட்டும் வரும்படி எழுத்தைப் பெரிதாக்கி மடியில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பசியாறக்கூட எழுந்திருக்கவில்லை, அதே நாற்காலியில் இருந்தார். சன்னல் வெளிச்சம் நேராக விழுந்தும் திரை கூசவில்லை என்று அதிசயப்பட்டார். அது ஒளியைக் கண்ணில் அடிக்கும் திரை இல்லை, கறுப்பு வெள்ளைத் துகள்கள் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன, தாளைப் போல வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று விளக்கினேன். "அப்போ இது தாள்தான்" என்றார்.

இப்போது நோட்டுப் புத்தகத்தில் விமர்சனம் எழுதுகிறார், நான் தட்டச்சு செய்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. "62 விழுக்காட்டில் வரும் காட்சி" என்று எழுதினால் அச்சில் படித்தவருக்குப் புரியாது, பக்க எண்ணோ ஒவ்வொரு கருவியிலும் மாறும். அதனால் அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் மூன்று சொற்களையும் குறிக்கிறார். நீங்களும் அப்படிச் செய்தால் எல்லோரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

அப்புறம், ஒரு நாவலில் பிழை மேல் பிழை. துணைக்கால் வர வேண்டிய இடமெல்லாம் ரகரம். பழைய அச்சுப் பக்கத்தை வருடி (ஸ்கேன் செய்து), கணினியைப் படிக்கவிட்டு, யாரும் மெய்ப்புப் பார்க்காமல் போட்டிருக்கிறார்கள். அப்பா அதற்காக நாவலைக் குறை சொல்லவில்லை. சிவப்பு மையில் 41 பிழைகளை அத்தியாய வாரியாக எழுதிக் கொடுத்தார், பதிப்பாளருக்கு அனுப்பினேன். நேற்றுத் திருத்திய கோப்பு வந்தது. அப்பா முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார், பக்கத்தில் சிவப்புப் பேனா இருக்கிறது.