வீட்டுப் பட்டறைக்கு எந்த பெல்ட் கிரைண்டர்: 30 அங்குலமா, 72 அங்குலமா?

தென்னந்தோப்பு
வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு எட்டு அடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். கரி அடுப்பு, பட்டடைக்கு ஒரு தண்டவாளத் துண்டு, ஒரு ஆங்கிள் கிரைண்டர். இவ்வளவுதான் சாமான். லாரி ஸ்பிரிங் பட்டையில் சமையல் கத்தியும் தோப்புக்கு அரிவாளும் செய்கிறேன். இதுவரை ஆறு ஆயிற்று. ஆறிலும் வாய் நேராக வரவில்லை. ஆங்கிள் கிரைண்டர் பள்ளம் பறித்துவிடுகிறது.

பெல்ட் கிரைண்டர், அதாவது உப்புத்தாள் பெல்ட் சக்கரங்களில் சுற்றி ஓடி இரும்பைத் தேய்க்கிற மெஷின், வாங்கலாம் என்று இருக்கிறேன். மேசைமேல் வைக்கிற சின்னது ஒன்று: பெல்ட் 1 அங்குல அகலம், 30 அங்குல நீளம். இன்னொன்று கத்தி செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் 2 அங்குலம், 72 அங்குலம். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்க?

இரும்புத்தூள்
72 வாங்குங்கள். சின்னதை வாங்கினால் ஆறு மாதத்தில் விற்றுவிட்டுப் பெரியதுக்கு வருவீர்கள். நான் அப்படித்தான் வந்தேன்.

சின்ன பெல்ட்டின் பரப்பு 30 சதுர அங்குலம், பெரியதில் 144. பெல்ட்டில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் இரும்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஆறடி சுற்றுகிறது, அதற்குள் ஆறிவிடும். சின்னதில் இரண்டரை அடிதான். பெல்ட்டும் சீக்கிரம் மழுங்கும், இரும்பும் சீக்கிரம் சுடும்.

உங்கள் வாய் ஏன் அலை அலையாக வருகிறது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. கத்தியின் பக்கம் வாயை நோக்கி மெலிந்து இறங்கும் 40 மி.மீ. உயரச் சரிவை 25 மி.மீ. பெல்ட்டில் எடுத்தால் ஓரம் ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டை அழிக்கப் போய் இன்னொரு கோடு விழும். 50 மி.மீ. பெல்ட்டில், பின்னால் தட்டையான இரும்புத் தகடு வைத்து, ஒரே இழுப்பில் கைப்பிடியிலிருந்து முனைவரை போகலாம்.

அரம்_பிடித்தவன்
தம்பி, அவசரப்படாதீர்கள். ஆறு கத்தியிலும் வாய் கோணல் என்றால் அது மெஷினின் குறை இல்லை, கை இன்னும் பழகவில்லை. பழகாத கையில் 2 குதிரைத்திறன் மெஷினைக் கொடுத்தால் அதே கோணலை நொடியில் செய்துவிடும்.

14 அங்குலத் தட்டை அரம் ஒன்று, இரண்டு கிளாம்பு, ஒரு பலகை போதும். ஸ்பிரிங் பட்டையைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிடுங்கள். மறுநாள் அரம் நன்றாகக் கடிக்கும். பத்துக் கத்தி அரத்தில் செய்தால் சரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். திருப்பாச்சி அரிவாளுக்கு இருக்கிற பெயர் மோட்டாரால் வந்ததில்லை. சுத்தியலால் அடித்தே வடிவம் கொண்டுவந்துவிட்டால் அரைக்க வேண்டியது கொஞ்சம்தான்.

மெஷின் வேண்டும் என்றால் சின்னதே போதும். தோப்புக்கு நாலு அரிவாள் சாணை பிடிக்கவும், வெல்டிங் பிசிறு எடுக்கவும் அதற்கு மேல் என்ன தேவை?

இரும்புத்தூள்
அரத்தை நானும் மதிக்கிறேன் அண்ணா. ஆனால் தோய்ச்சல் கொடுத்த பிறகு, அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிய பிறகு, அரம் வழுக்கும். அப்போது தென்னந்தோப்பு என்ன செய்வார்? தோய்க்கும் முன்பே வாயை மெல்லிசாக எடுத்துவிட்டால் எண்ணெயில் போட்டதும் முறுக்கிக்கொள்ளும், சில சமயம் விரிசலே விடும். அதனால் ஒரு ரூபாய் நாணயத் தடிமன் விட்டுத்தான் தோய்க்கிறோம். மிச்சத்தைப் பதம் போட்ட பிறகுதான், அதாவது நொறுங்காமல் இருக்க மிதமாக மறுபடி சூடாக்கிய பிறகுதான், எடுக்க வேண்டும்.

ஆபத்தான இடம் அதுதான். கத்தியை 200 டிகிரி அளவில் பதம் போட்டிருப்போம். வாய் மெல்லிசாகிக்கொண்டே வரும்போது, முனையில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அடுத்து பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். நீலம் வந்தால் 300-ஐத் தொட்டுவிட்டது. கண் சிமிட்டுவதற்குள் நடந்துவிடும். தண்ணீரில் முக்கினாலும் போன பதம் திரும்பாது. அந்த அரை அங்குலம் இனிக் கூர் நிற்காது. சின்ன மெஷின்களில் பெரும்பாலும் ஒரே வேகம், அதைக் குறைக்க வழியில்லை. என் முதல் மெஷினில் மூன்று கத்தியின் முனையை இப்படித்தான் இழந்தேன். கையுறை போடாமல் வெறும் விரலில் பிடித்து, சுடுகிறது என்று தெரிந்ததும் வாளியில் முக்க வேண்டும். பெல்ட் ஓரத்தில் கையுறை மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

வைண்டிங்_கடை
இரண்டு பேரும் பெல்ட் நீளத்திலேயே நிற்கிறீர்கள். மோட்டாரைப் பற்றியும் பேச வேண்டும். நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன்.

வேகம் என்பது சக்கரத்தின் சுற்றளவும் சுழற்சியும் சேர்ந்தது. நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுற்றும் மோட்டாரில் 100 மி.மீ. சக்கரம் போட்டால் பெல்ட் விநாடிக்கு 7.5 மீட்டர் போகும். அதே சக்கரம் 2880-இல் 15 மீட்டர். 2880-இல் 150 மி.மீ. போட்டால் 22 மீட்டரைத் தாண்டும். முரட்டு வேலைக்கு 20-க்கு மேல் வேண்டும், பதம் போட்ட வாய்க்கு 5, 6 போதும். ஒரே மெஷினில் இரண்டும் வேண்டுமானால் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி) தேவை.

இதில்தான் நிறைய பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். கப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு விஎஃப்டி வேலை செய்யாது. த்ரீ ஃபேஸ் மோட்டார்தான் வேண்டும். வீட்டுக் கரண்ட் சிங்கிள் ஃபேஸ் என்று பயப்பட வேண்டாம். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கிற விஎஃப்டி இருக்கிறது. ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட்தான். நம் ஊர்ச் சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் என்ற இணைப்பு முறையில் கட்டியிருக்கும், அதைக் குறைந்த வோல்ட்டுக்கான டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். மூடியைத் திறந்து பாருங்கள். ஆறு வயர் முனை வெளியே வந்திருந்தால் அவற்றை இணைக்கும் பட்டைகளை மாற்றிப் போட்டால் முடிந்தது. மூன்றுதான் என்றால் உள்ளே கட்டிவிட்டார்கள், பிரித்து எடுக்க என்னைப் போன்றவரிடம் வர வேண்டும். 2 குதிரைத்திறனுக்கு 16 ஆம்பியர் பிளக், தனி வயர், நல்ல எர்த். எர்த் இல்லாமல் விஎஃப்டி போடவே கூடாது. இரும்புத் தூள் உள்ளே போனால் அது செத்துவிடும், மூடிய பெட்டியில் சுவரில் மாட்டுங்கள்.

அரம்_பிடித்தவன்
பாருங்கள், ஒரு கத்திக்காக வயர், எர்த், பெட்டி என்று எங்கே போய்விட்டது! அந்த 45,000-இல் பெல்ட்டுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? அதை யாரும் கேட்கவில்லை. மெஷினை ஒருமுறை வாங்குவோம், பெல்ட்டை வாழ்நாள் முழுக்க வாங்குவோம்.

இரும்புத்தூள்
இது நியாயமான கேள்வி, இதில் அண்ணன் பக்கம் நிற்கிறேன். மெஷினுக்கு முன்னால் பெல்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள். 1954-லிருந்து சென்னைக் கம்பெனியான கார்போரண்டம் யுனிவர்சல் உப்புத்தாளும் சாணைக்கல்லும் செய்துவருகிறது. அதனால் பெல்ட்டுக்கான உப்புத்தாள் நம் ஊரிலேயே கிடைக்கிறது. சுருளிலிருந்து கேட்ட நீளத்துக்கு வெட்டி ஒட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், ஒன்றிரண்டாகக் கேட்டால் மட்டும் தயங்குவார்கள். முரட்டு வேலைக்கு 36 அல்லது 60 நம்பர் (நம்பர் குறைந்தால் துகள் பெரிது) செராமிக் துகள் பெல்ட். அதை வேகமாக ஓட்டி அழுத்திப் பிடித்தால்தான் துகள் உடைந்து புது முனை வரும், மெதுவாகத் தடவினால் பளபளத்து மழுங்கிவிடும். 120-க்கு மேல் சாதாரண அலுமினியம் ஆக்சைடு போதும். சின்ன மெஷினால் அந்த அழுத்தம் தாங்க முடியாது, மோட்டார் நின்றுவிடும். அதனால்தான் விலையுயர்ந்த பெல்ட் அதில் வீண்.

இன்னொன்று: பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாதீர்கள். மடிந்த இடத்தில் ஒட்டு விடும். அகலமான குழாயில் மாட்டுங்கள்.

அரம்_பிடித்தவன்
சரி, பெரியதுதான் என்று முடிவானால் ஒன்று கேளுங்கள் தம்பி. உங்கள் பெயரே தென்னந்தோப்பு. கொட்டகையில் மட்டையும் பன்னாடையும் கிடக்கும். பொறி ஆறடி பறக்கும். பன்னாடை பற்றுவதை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், சாப்பிடப் போன பிறகு எரியும். பெல்ட்டுக்குக் கீழே தண்ணீர் வாளி வையுங்கள், கொட்டகையைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். அலுமினியப் பாத்திரக் கைப்பிடியை அதே மெஷினில் தேய்க்காதீர்கள். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து கிடக்கும்போது பொறி விழுந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தோளில் துண்டு வேண்டாம், வேட்டி வேண்டாம். மூக்குக்குக் கைக்குட்டை போதாது, தூசிக்கான முகமூடி போடுங்கள்.

தென்னந்தோப்பு
எல்லோருக்கும் நன்றி. நேற்று கோயம்புத்தூரில் பழைய மோட்டார் கடைக்குப் போனேன். 2 குதிரைத்திறன், 2880 சுற்று. மூடியைத் திறக்கச் சொன்னேன். ஆறு முனையும் இருந்தது. தகட்டிலும் 240 டெல்டா, 415 ஸ்டார் என்று அடித்திருக்கிறது. வாங்கிவிட்டேன். மெஷினின் இரும்புச் சட்டத்தைச் செய்ய எனக்குத் தெரிந்த ஒரு வெல்டரிடம் கொடுத்திருக்கிறேன், சக்கரங்கள் லேத்தில் கடைகிறார்கள்.

அது வர மூன்று வாரம் ஆகும். அதுவரை அண்ணன் சொன்னபடி ஒரு பட்டையைச் சாம்பலில் புதைத்துவிட்டு, அரம் வாங்கி வந்திருக்கிறேன்.

வைண்டிங்_கடை
லேத்தில் சொல்லிவிடுங்கள்: பெல்ட்டைச் சாய்த்து ஓட்டுகிற மேல் சக்கரத்துக்கு நடுவில் லேசாக மேடு வேண்டும். ஓடும் பெல்ட் மேட்டை நோக்கித்தான் ஏறும். தட்டையாகக் கடைந்துவிட்டால் பெல்ட் சக்கரத்தின் மேல் நிற்காது.