புதுப்பிப்பு: அம்மாவின் தைராய்டு மாத்திரை, காரணம் தெரிந்துவிட்டது

அம்மா தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்சின் போட்டும் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 11-க்குக் கீழே இறங்கவில்லை, டோஸைக் கூட்ட வேண்டுமா என்று போன மாதங்களில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டரைப் பார்த்தோம். டோஸைத் தொடவே இல்லை. "காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீங்க?" என்றுதான் கேட்டார். மாத்திரையோடு கருப்பட்டிக் காப்பி, அரை மணி நேரத்தில் இட்லி, உடனே கால்சியம் மாத்திரை. காப்பி தைராக்சினைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். கால்சியமும் இரும்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் 4 மணி நேர இடைவெளி வேண்டும். போதாததற்கு, நெஞ்செரிச்சலுக்கு என்று இரண்டு வருடமாகப் பான்டோப்ரசோல். தைராக்சின் மாத்திரை நன்றாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டுமாம். அந்த அமிலத்தைத்தான் நாங்கள் அடக்கி வைத்திருந்தோம்! இனி பான்டோப்ரசோல் தேவையில்லை என்று டாக்டரே நிறுத்தினார்.

"ஏட்டி, ஒரு மணி நேரம் காப்பி இல்லாம எப்படி இருக்க?" என்று அம்மா ஒரு வாரம் தவித்தாள். இப்போது ஐந்து மணிக்கே வெறும் தண்ணீரில் மாத்திரை, ஆறு மணிக்குக் காப்பி, கால்சியம் ராத்திரிக்கு. எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் 3.4.

அப்புறம் ஒன்று, எல்லா மருந்துக்கும் வெறும் வயிறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படர்தாமரைக்கு அத்தை சாப்பிடும் இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாடு முடிந்த கையோடு போட வேண்டும்.