ஹோர்டன் சமவெளிக்கு வேன் பேசுவதற்கு முன்

ஹட்டன்

மார்ச் முதல் சனிக்கிழமை ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு இங்கிருந்து ஒரு வேனில் 12 பேர் போகிறோம். இரண்டு சின்னப் பிள்ளைகளும் 68 வயது அம்மா ஒருவரும் உண்டு. காலைச் சாப்பாட்டை முடித்து எட்டு மணிக்குப் புறப்பட்டால் சரிதானே? விஷயம் தெரிந்தவர்கள் பகிருங்கள்.

நானுஓயா வேன்

தம்பி, எட்டு மணிக்குப் புறப்பட்டால் உலக முடிவில் உங்களுக்குக் கிடைப்பது வெள்ளைச் சுவர்தான். சுற்றுலாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

விஷயம் இதுதான். உலக முடிவு கிட்டத்தட்ட 880 மீட்டர் செங்குத்துச் சரிவு. கீழே பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கத்துச் சூடான பள்ளம். வெயில் ஏறினதும் அந்தப் பள்ளத்தின் ஈரக் காற்று சூடாகிப் பாறைச் சுவரோடு மேலே எழும்பும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு வந்து சேரும்போது குளிர்ந்து முகிலாகிவிடும். அநேக நாட்களில் ஒன்பது, ஒன்பதரைக்குள் எல்லாம் மூடிவிடும். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

உலக முடிவில் நிற்க வேண்டிய நேரம் காலை 8.30. நடை தொடங்கும் ஃபார் இன் கட்டடத்திலிருந்து அங்கே 4 கி.மீ., பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம். ஆகவே 7 மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். டிக்கட், பொதிச் சோதனை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் வையுங்கள். அப்படியானால் 6 மணிக்கு டிக்கட் கவுண்டர். பிளாக்பூல் சந்தியிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா கடந்து பிளாக்பூலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். கூட்டிப் பாருங்கள், விடியற்காலை 3 மணி. நுவரெலியா டவுனுக்குள் போகத் தேவையில்லை, பிளாக்பூலிலேயே திரும்பிவிடலாம்.

சனிக்கிழமையை விட்டுவிட்டு ஒரு செவ்வாய், புதனைப் பாருங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் ஏப்ரல் சீசனும் வேண்டவே வேண்டாம். கவுண்டர் வரிசையிலேயே அந்த 8.30 போய்விடும். எல்லோருடைய அடையாள அட்டையையும் ஒருவர் கையில் சேர்த்து வையுங்கள். கனடா மாமா கூட வந்தால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம், வரியோடு. வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு "நாங்களெல்லாம் ஒரே குடும்பம்" என்று வாதாடுவதில் பயன் இல்லை.

அம்பேவெல

மூன்று மணிக்குப் புறப்படுகிறவருக்கு ஒரு வார்த்தை. பட்டிப்பொலவுக்கு மேலே பனிமூட்டம் இருந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். உள்கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அல்லது பக்கத்து ஷட்டரை இரண்டு விரல் இறக்குங்கள். பூங்காவுக்குள் மரைகள் (பெரிய மான்கள்) வீதியிலேயே நிற்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும், அதனால் முதலாவது போனதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்.

ஒஹியா

எல்லோரும் பட்டிப்பொல பக்கத்தையே சொல்கிறீர்கள். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தார் ஒஹியா வழியாக வருவதுதான் கிட்ட. ஒஹியா ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறும் பாதை 11 கி.மீ. அளவு. நடந்து ஏறினால் மூன்று மணி நேரம் போய்விடும், பிறகு பூங்காவில் 9.5 கி.மீ. நடைச் சுற்று வேறு. ஆட்டோ பிடிப்பதே புத்தி. ஏறும் முன்பே போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றையும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள். மேலே போன பிறகு பேசினால் பேரம் அவர் கையில்.

பகல் ரயிலில் வந்தால் காட்சிக்கு நேரம் தப்பிவிடும். முதல் நாளே வந்து தங்கினால்தான் சரி. மழைக்காலத்தில் மண்சரிவால் மலையகப் பாதையில் ரயில் பாதியில் நிற்பது புதிது இல்லை, நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இறங்கும்போதுதான் இந்தப் பாதை ஆளைப் பார்க்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் நாலாவது வளைவில் கருகல் மணம் வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாம் கியரில் இறக்குங்கள். மணம் வந்துவிட்டால் ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றாமல், இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பட்டிப்பொலவால் ஏறி ஒஹியாவால் இறங்குவது நல்ல வழிதான். பூங்காவுக்குள்ளால் போவதால், நடக்காமல் கடந்து மட்டும் போனாலும் டிக்கட் எடுக்க வேண்டும்.

பட்டிப்பொல

பொதிச் சோதனையைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. அதிக நேரம் போவதும் அதிக வாய்த்தகராறு வருவதும் அங்கேதான்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போகாது. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோகலாம், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய லேபளைக் கிழித்து எடுப்பார்கள். பிஸ்கட் பக்கட்டைப் பிரித்துக் கடதாசியில் கொட்டச் சொல்வார்கள். சிப்ஸ், டொபி, சொப்பிங் பேக் எல்லாம் இப்படித்தான். 12 பேருக்குப் பொலித்தீன் லஞ்ச் சீட்டில் கட்டின சோற்றுப் பார்சல் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே பிரித்துக்கொண்டு நிற்க வேண்டும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். சிகரெட், லைட்டரையும் வேனிலேயே விடுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பத்தனைப் புல் (இந்த மலைச் சமவெளிப் புல்) காய்ந்து கிடக்கும், ஒரு துண்டு நெருப்பு போதும்.

இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். உப்பு, இனிப்பு ஒட்டின பொலித்தீனை மரை அப்படியே விழுங்கும். அது செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிறைந்த மாதிரியே இருந்து புல் மேயாமல் மெலிந்து சாகும்.

ஆகவே முதல் நாள் இரவே தயார் பண்ணுங்கள். அவித்த கடலை, ரொட்டி, கட்டசம்பல் எல்லாம் எவர்சில்வர் டப்பாவில். பிஸ்கட் தகர டின்னில். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், போத்தல் லேபள்களை வீட்டிலேயே உரித்துவிடுங்கள். ஒரு ஃபிளாஸ்க் பிளேன்டீ. நடைபாதையில் கடை இல்லை, கழிப்பறையும் இல்லை, இரண்டையும் ஃபார் இன்னில் முடித்துக்கொள்ளுங்கள்.

கீனா மரம்

வழியைப் பற்றி. மொத்தச் சுற்று சுமார் 9.5 கி.மீ. உலக முடிவுக்கு 4, அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு 2, திரும்பி ஃபார் இன்னுக்கு மூன்றரை. நிதானமாகப் போனால் மூன்று முதல் நாலு மணி நேரம். பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். நீர்வீழ்ச்சி எந்த நேரத்திலும் அங்கேதான் இருக்கும், காட்சி இருக்காது. மறுபக்கமாகச் சுற்றுகிறவர்கள் அருவியில் அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டு மூட்டத்துக்குள் போய் நிற்கிறார்கள்.

சின்ன உலக முடிவு ஏறக்குறைய 270 மீட்டர் சரிவு. அதைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று திரும்புகிற கூட்டமும் உண்டு. பெரியதிலிருந்து கீழே தோட்டத் தொழிலாளர் லயங்கள் தீப்பெட்டி அடுக்கின மாதிரித் தெரியும். அதற்கு அப்பால் சமனலவெவ, உடவளவை நீர்த்தேக்கங்கள். துலக்கமான நாளில் தென் கடலும் ஒரு கோடாகத் தெரியும்.

எந்த மாதம் என்று கேட்டால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு சுலபமான அடையாளம். அம்பேவெல, நுவரெலியாவில் பனி விழுந்து கொழுந்து கருகுகிற ஜனவரி, பெப்ரவரிதான் உலக முடிவு நன்றாகத் தெரிகிற காலம். முகில் இல்லாத இரவில்தான் தரை சூட்டை இழந்து பனி உறையும். அதே வானம் காலையிலும் திறந்திருக்கும். மார்ச்சும் பரவாயில்லை. ஜூன், ஜூலையில் தென்மேல் காற்று ஆளையே தள்ளும்.

போய்ச் சேரும்போது மூடியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். இருபது நிமிடம் உட்காருங்கள். காற்று மாறினால் திரை விலகி இரண்டு நிமிடம் திறக்கும், மறுபடி மூடும்.

விளிம்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. எல்லா இடத்திலும் வேலி கிடையாது. ஓரத்தில் புல் வெளியே தள்ளி வளர்ந்திருக்கும், அதற்குக் கீழே பாறை இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. 2015 பெப்ரவரியில் ஒரு டச்சுப் பயணி படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். சுமார் 40 மீட்டர் கீழே ஒரு மரம் தாங்கியதால்தான் பிழைத்தார். படம் எடுக்கிறவரும் எடுக்கப்படுகிறவரும் நிற்கிற இடத்திலேயே நிற்க வேண்டும், ஒரு அடி கூடப் பின்னால் இல்லை. பிள்ளைகள் கையைப் பிடித்தபடி, விளிம்பிலிருந்து ஒரு ஆள் நீளம் உள்ளே.

பேக்கர் அருவி 20 மீட்டர் அளவுதான், ஆனால் இறங்கும் படிகள் எப்போதும் ஈரம். செம்மண்ணும் வேரும் கலந்த இடம். தேய்ந்த அடி உள்ள சப்பாத்தும் பாத்ரூம் செருப்பும் ஆளைக் கவிழ்ப்பது இங்கேதான். தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு உண்டு, குளிர் தசையைப் பிடித்துவிடும்.

மரை

மேலே மரை என்று சொன்னது சிங்களத்தில் கோனா என்கிற பெரிய மான். வாகனத் தரிப்பிடத்தில் நாய்க்குட்டி மாதிரி பக்கத்தில் வரும். பாண் துண்டு நீட்டாதீர்கள், தலையைத் தடவாதீர்கள். கொம்பு உள்ள ஆண் தலையைத் திருப்பினாலே கண் போகும், அது கோபப்பட வேண்டிய அவசியம் கூட இல்லை. ஒரு வேன் நீளம் எட்டி நில்லுங்கள்.

சிறுத்தை உண்டா என்றால் உண்டு. அதைச் சாப்பாடாக வைத்திருப்பதே இந்த மரைக் கூட்டம்தான். பகலில் மனிதரைக் கண்டால் ஒதுங்கிவிடும். விடியலிலும் அந்தியிலும் மரக்காட்டுப் பகுதியில் தனியாகப் போகாதீர்கள். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, குனியக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். யானைக்குப் பயப்பட வேண்டாம், போன நூற்றாண்டிலேயே இங்கிருந்து போய்விட்டது.

யால தேசியப் பூங்காவில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. இங்கே காலால் நடக்க விடுகிறார்கள், அதனால் சின்னதைப் பார்க்கலாம். மரத்தண்டில், கண் மட்டத்தில், மூக்கு நுனியில் ஒரு வெள்ளைக் கொம்போடு ஓணான் ஒன்று ஒட்டியிருக்கும். இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. குளிர் நேரத்தில் அசையவே மாட்டாது. பிள்ளைகளிடம் இதைத் தேடச் சொன்னால் நாலு கிலோமீற்றர் அழாமல் நடப்பார்கள்.

வெலிமடை தாதி

அம்மாவைப் பற்றி. விடியலில் 5 பாகைக்கும் கீழே போகலாம், பத்து மணிக்கு வெயில் தோலைச் சுடும். ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது, ஏறும்போது கழற்றலாம். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து, காற்றுப் பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் நனைந்தால் ஈயம் மாதிரிக் கனக்கும், பகல் முழுக்கக் காயாது. குல்லா, ரெயின்கோட், மாற்றுக் காலுறை கட்டாயம்.

நடுக்கம் வந்து, பேச்சுக் குழறினால் மேலும் நடக்க விடாமல், காற்றுப் படாத இடத்தில் அசையாமல் இருக்க வையுங்கள். ஈர உடையை மாற்றி, நன்றாகப் போர்த்தி, விழுங்க முடிந்தால் இனிப்பாகச் சூடான தேநீர் கொடுத்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் பம்ப் சட்டைப் பையில், பொதிக்குள் அல்ல. அழுத்தத்துக்கும் சீனிக்கும் போடும் காலைக் குளிசையை மூன்று மணிப் பயணத்தில் மறந்துவிடுவார்கள், கவனியுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர் என்றால் முழுச் சுற்றும் வேண்டாம். ஒருவர் துணையோடு ஃபார் இன்னில் இருக்கலாம், முதல் கிலோமீற்றர் புல்வெளி வரை நடந்து திரும்பலாம். போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே பாதை பிரியும் இடத்தில் தலை எண்ணுங்கள், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெரியவர்களை வையுங்கள். 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். கால் பிசகினவரை அம்புலன்ஸ் ஏறும் இடம் வரை நீங்கள்தான் தூக்கிவர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹட்டன்

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமைக்கு மாற்றியாயிற்று, 3 மணிக்கு வேன். ஒரு சந்தேகம் பட்டிப்பொலக்காரரிடம். 12 பேருக்கு எவர்சில்வர் டப்பாவுக்கு எங்கே போவது? ரொட்டியை வாழையிலையில் கட்டினால் குளிரில் இலை வெடித்துவிடாதா?

பட்டிப்பொல

பச்சையாகக் கட்டினால் வெடிக்கும். நடுநரம்பைச் சீவிவிட்டு, அடுப்பு நெருப்பில் இலையின் இரண்டு பக்கத்தையும் வாட்டுங்கள். நிறம் கறுத்துப் பளபளக்கும்போது எடுத்தால் துணி மாதிரி மடியும். ரொட்டி ஆறின பிறகு கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊறிவிடும். சம்பலைத் தனியாக ஒரே டப்பாவில் போடுங்கள். மேலே பழைய சாரத் துண்டில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டினால் சோதனையில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இலையையும் அங்கே வீசாமல் அதே துண்டில் சுற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள்.