அண்ணன் விட்டுப்போன சாமான்களை விற்கலாமா? சட்டப்படி என்ன வழி?

கீழ்வீட்டுக்காரன்:
பெரியப்பா மகன் 2022-இல் துபாய்க்குப் போகும்போது தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் பீரோ, ஃபிரிட்ஜ், பைக் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதியது இன்னும் இருக்கிறது. இப்போது கேட்டால் "பார்க்கலாம்டா" என்பார், அப்புறம் பதிலே வராது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மாடி ஏற முடியவில்லை, அந்த அறை உடனே வேண்டும். பீரோ சாவி அவரிடம். காயலான் கடையில் போட்டால் பின்னால் கேஸ் வருமா?

சேலம் செல்வம்:
மூன்று வருடம் தாண்டிவிட்டதே, இனி அவர் உரிமை கேட்க முடியாது. தைரியமாக விற்றுவிடுங்கள்.

செங்கல்பட்டு வக்கீல்:
செல்வம் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். கொடுத்துவைத்த பொருளைத் திரும்பப் பெற வழக்குப் போட மூன்று வருடம் என்பது சரி, ஆனால் அவர் திருப்பிக் கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்துதான் அது ஓடும் (1963 காலவரையறைச் சட்டம், இனம் 70). அவர் இன்னும் கேட்கவே இல்லையே. அதுவரை உங்கள் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, 1872 ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவுப்படி உங்களுடையது. அடகு பிடித்தவருக்கு 176-இல் விற்கும் உரிமை இருக்கிறது, சும்மா வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. விற்றுக் காசை நீங்கள் எடுத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 314 (நேர்மையில்லாமல் அபகரித்தல்), 316 (நம்பிக்கை மோசடி) என்று புகார் வர நீங்களே வழி செய்ததாகிவிடும்.

அதனால் எழுத்தில் சம்மதம் வாங்கப் பாருங்கள். பொருள் பட்டியல், போட்டோ, தேதி போட்டு ஒரு மாதக் கெடு. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விற்றுப் பணம் அனுப்பச் சம்மதம் எழுதுங்கள், இரண்டும் இல்லையென்றால் பெரியப்பா வீட்டில் இறக்கிவிடுவேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், ஊர் முகவரிக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட், மூன்றிலும் போகட்டும். வண்டி வாடகை, ஆள் கூலி ரசீதையெல்லாம் வைத்திருங்கள், கூலி வாங்காமல் வைத்திருந்ததால் அவசியமான செலவை ஒப்பந்தச் சட்டம் 158-இன்படி அவரிடம் கேட்கலாம்.

பீரோ பூட்டை மட்டும் உடைக்கவே உடைக்காதீர்கள். உள்ளே பழைய துணிதான் இருந்தாலும், நாளைக்குப் பத்துப் பவுன் இருந்தது என்று அவர் சொன்னால் இல்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அப்படியே தூக்குங்கள், ஏற்றும்போதும் இறக்கும்போதும் பூட்டு தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். பைக் ஆர்.சி. அவர் பெயரில் இருக்கும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

திருச்சி மீனா:
தம்பி, தபால் போடும் முன்னால் பெரியம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் கொழுந்தனார் சாமான் விஷயத்தில் நோட்டீஸ் முதலில் போனதால் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. ஃபிரிட்ஜை இப்போதே திறந்து பாருங்கள், வருடக்கணக்கில் மூடிவைத்ததில் கதவு ரப்பர் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும். துடைக்கும் முன்னால் ஒரு போட்டோ.

கீழ்வீட்டுக்காரன்:
நன்றி சார், நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைப் பார்க்கப் போகிறேன். அண்ணனும் பதில் போடாமல், பெரியப்பாவும் இங்கே இடமில்லை என்றால்?

செங்கல்பட்டு வக்கீல்:
ஃபிரிட்ஜ் வீணாகிக்கொண்டே போகிற பொருள். கெடு முடிந்ததும் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, நல்ல விலைக்கு ரசீதோடு கொடுத்து, பணத்தை அவர் கணக்கில் போட்டுவிடுங்கள். அப்போதும் சிவில் வழக்கு வரவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேர்மையில்லாமல் அபகரித்தார் என்பது நிற்காது. பீரோவும் பைக்கும் வாடகை இடத்துக்குப் போகட்டும். வாடகை கட்டுப்படியாகாவிட்டால், அவரே எடுத்துப்போக வேண்டும் என்று செயலுறுத்துக் கட்டளை கேட்டு முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், நாள் பிடிக்கும். அந்த ஆறு மாத மெசேஜ் இருக்கிற போனை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டோடு அந்தப் போனும் தேவைப்படும்.